ஆலை மறுபயன்பாடு

ஓட்டம் நின்றுபோன ஆலையை இடித்துத் தள்ளாமல் செப்பனிட்டு, ஊரார் கூடும் இடமாக மாற்றும் முறை. நீண்ட கூடங்களும் உயர்ந்த கூரையும் பரந்த வளாகமும் பழைய ஆலைகளை இதற்குத் தோதாக்குகின்றன.

வெளிநாடுகள்: இங்கிலாந்தின் சால்ட்டேரில் டைட்டஸ் சால்ட் 1853இல் திறந்த கம்பளி ஆலை 1986இல் மூடப்பட்டது. மறு ஆண்டே ஜொனாதன் சில்வர் அதை வாங்கி ஓவியக்கூடம் அமைத்தார். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பழைய பீப்பாய் ஆலையொன்றைக் கட்டடக் கலைஞர் லீனா போ பார்தி பார்க்கச் சென்றபோது, கொட்டகைக்குள் பிள்ளைகள் ஓடியாடிக்கொண்டிருந்தனர். விடுமுறை நாள்களில் குடும்பங்களும் வந்து கூடின. புதுக் கட்டடம் எழுப்புவதற்குப் பதில் அவர் செங்கல் கொட்டகைகளையே வைத்துக்கொண்டார். உள்ளே தரையில் வளைந்தோடும் ஒரு சிறு நீரோடையும், குளிர்காயக் கணப்பும், படிக்க மேசைகளும் அமைந்தன. 1982இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

இந்தியா: மும்பையில் 1982 ஜனவரியில் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக முடங்கின. ஆலை நிலத்தில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்று 1991 விதி வகுத்தது. 2001 திருத்தம் இந்தப் பங்கீட்டைக் கட்டடம் இல்லாத காலி நிலத்தோடு சுருக்கியது. 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பொதுமக்களுக்கு வரவேண்டிய நிலம் பெருமளவு குறைந்தது. ஃபீனிக்ஸ் மில் போன்றவை வணிக வளாகங்களாயின.

புதுச்சேரியில் 1898இல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி. ஆலை, 2020இல் மூடப்பட்டது. அங்கே ஊருக்குப் பயன்படுவது கட்டடத்தைவிடத் திடல்தான். கூட்டங்கள் நடக்கும் அந்தத் திடலில், 2024இல் பேருந்து நிலையம் புதுப்பிக்கப்பட்டபோது தற்காலிகமாகப் பேருந்துகளும் நின்றன.

வேலூர்–ஆம்பூர் வட்டாரம்: வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் ஆலைகளுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. பஞ்சாலை மூடினால் மிஞ்சுவது பெரும்பாலும் தூசும் துருவும். தோல் ஆலையிலோ பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தூவிய உப்பும், முடி நீக்கிய சுண்ணாம்பும், பதனிட்ட குரோமியமும் கழிவோடு மண்ணில் இறங்கியிருக்கும். முன்பு பதனிடப் பயன்பட்ட ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் பிடித்த பின் சிக்கல் கூடியது. தோல் ஆலைக் கழிவு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டோடு, சீர்கெட்ட சூழலை மீட்கும் செலவும் இதில் அடங்கும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவோ லட்சம் டன்னுக்கும் மேல்.

எனவே இவ்வட்டாரத்தில் மறுபயன்பாட்டின் முதல் வேலை கொத்தனாருடையதல்ல. சுவரைப் பூசுமுன், தோல் ஊறிய தொட்டிகளின் அடி மண்ணையும் வளாகக் கிணற்றின் நீரையும் சோதித்தாக வேண்டும். பிள்ளைகள் ஓடியாட வேண்டிய தரை அது.