தொண்டு செய்யவும் தடையா?

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குத் தலைச்சுமையோடு இறங்கிவரும் மங்கையை, "நீ பெண், சுமக்காதே" என்று எவரும் மறித்ததில்லை. சுமைக்குத் தடையில்லை, சபையிலே சரிநிகர் நாற்காலிக்குத்தான் தடை! சாத்திரம் படித்தோர் மட்டும் இட்ட தடையன்று இது. கோட்டும் சூட்டும் அணிந்த சீமான்களும் இட்டனர். மேனாட்டுக் கதையொன்று கேளுங்கள், தோழர்களே!

1905-இல் சிகாகோவில் தோன்றியது ரோட்டரி. தொண்டே குறிக்கோள் என்றனர். ஆயினும் ஆடவர்க்கே இடமளித்தனர். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்னும் சிற்றூரின் சங்கம் 1977-இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. குற்றம் அவ்வளவே! 1978-இல் தலைமைப்பீடம் அச்சங்கத்தையே நீக்கிற்று. அஞ்சினரா அவர்கள்? "முன்னாள் ரோட்டரி" என்று தம்மை அழைத்துக்கொண்டு கூடினர், வழக்கும் தொடுத்தனர்.

"இது எங்கள் நட்பு வட்டம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் உரிமை" என்பது எதிர்வாதம். 157 நாடுகளில் 9 இலட்சம் பேருக்கு மேல் பரந்த நட்பு வட்டமாம்! நாம் நகைக்கிறோம். முதல் வழக்குமன்றமோ நகைக்கவில்லை, டுவார்ட்டே தோற்றது. மேன்முறையீட்டில் வென்றது. 1987 மே 4-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், இத்தகைய சங்கம் அந்தரங்க உறவன்று, பெண்கள் சேர்ந்தால் அதன் தொண்டு குலையாது என்று தீர்ப்பளித்தது. 1989-இல் ரோட்டரி தன் விதியையே மாற்றிற்று.

இங்கே? நம் அரசமைப்பின் 15(2)-ஆம் பிரிவு, பால் வேறுபாடு காட்டிக் கடையிலும் உணவகத்திலும் பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தடுக்கலாகாது என்கிறது. சங்கம் அமைக்கும் உரிமையை 19-ஆம் பிரிவு தருகிறது. கிணற்றையும் குளத்தையும் பெயர் சொல்லித் திறந்துவிட்ட அந்த ஏட்டில், உறுப்பினர்க்கே உரிய கிளப்பின் பெயர் மட்டும் இல்லை.