ரூபவாஹினியைப் பார்த்து வளர்ந்த கோபுரம்

மாடியில் அப்பா, வாசலில் நான், உள்ளே டிவி முன்னால் அத்தை. மேலிருந்து "தெரியுதா?" என்று குரல் வரும். "புள்ளி புள்ளியா இருக்கு" என்பாள் அத்தை. அதை நான் அப்படியே மேலே கத்துவேன். அப்பா குழாயைக் கால் சுற்று திருப்புவார். "இப்ப?" "ஆளு தெரியுது, தலைதான் ரெண்டா இருக்கு." இரண்டு தலைக்குச் சம்மதித்துத்தான் பல நாள் படம் பார்த்தோம்.

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் 1980களின் கடைசியில் டிவி பார்ப்பது இப்படி மூன்று பேர் வேலை. ஆண்டெனாவை மேற்கே திருப்பினால் கொடைக்கானல், அதாவது தூர்தர்ஷன். தென்கிழக்கே திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆண்டெனா தானாகவே திரும்பிக்கொள்ளும். சித்ரஹார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடு மாறிவிடும்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சென்னை எங்களுக்கு 400 கிலோமீட்டருக்கும் அப்பால். இலங்கையின் தலைமன்னாரோ தனுஷ்கோடியிலிருந்து கூப்பிடு தூரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்; கணக்குப்படி முப்பது கிலோமீட்டர் சொச்சம். காது ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் இலங்கை வானொலியில் பேசப் பேச, எங்கள் வீடுகளில் உலை கொதித்தது. 1982 பிப்ரவரி 15இல் ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி பிறந்ததும் கண்ணும் காதோடு சேர்ந்துகொண்டது.

அங்கே என்ன பார்த்தோம்? கிரிக்கெட், தமிழ்ப் படம், தமிழ்ச் செய்தி. செய்தியில் போலீஸ் 'பொலிஸ்' ஆகவும் ஜூன் மாதம் 'யூன்' ஆகவும் வரும். இரண்டு நாள் கேட்டால் மூன்றாம் நாள் நமக்கே அப்படித்தான் வாயில் வரும். சிறுவர்களுக்குப் பெரிய விருந்து 'ஹா ஹா ஹரி ஹாவா'. உலகம் பூராவும் பக்ஸ் பன்னி என்று ஆங்கிலம் பேசித் திரிந்த முயல், டப்பிங் செய்த டைட்டஸ் தொட்டவத்த புண்ணியத்தில் எங்களிடம் சிங்களம் பேசியது. ஒரு வார்த்தை புரியாது. கேரட்டைக் கடிப்பதற்கு மொழி எதற்கு?

இதில் எனக்கு வெகுநாள் கழித்து விளங்கிய வேடிக்கை ஒன்று உண்டு. ரூபவாஹினியின் பெரிய ஒளிபரப்பி பிதுருதலாகலை உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமியோ வளைந்து கிடப்பது. அவ்வளவு உயரத்திலிருந்தும் சுமார் 200 கிலோமீட்டர்தான் எட்டும். நாங்கள் இருப்பது 300 கிலோமீட்டர் தள்ளி. கணக்குப்படி அந்த முயல் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது. காற்று அசையாத இரவுகளில் கடல் மேல் ஈரக்காற்று கீழும், சூடான வறண்ட காற்று மேலுமாகப் படுத்துக்கொள்ளும். இடையில் மாட்டிய அலை, குழாய்க்குள் தண்ணீர் போல வளைந்து ஓடிவரும். அதனால்தான் ஒரு நாள் கண்ணாடி மாதிரித் தெரிந்த படம் மறுநாள் வெறும் இரைச்சலாக இருந்தது. அப்பா பூஸ்டரைத் திட்டினார். பாவம், பூஸ்டர் என்ன செய்யும்?

இலங்கையின் வடக்கே கொக்காவிலில் ரூபவாஹினிக்கு இன்னொரு கோபுரம் இருந்தது. எங்களுக்கு நேர் கிழக்கே, 120 கிலோமீட்டர் வாக்கில். 1990 போரில் அது அழிந்தது.

இந்தப் பக்கம் எழுந்தது ராமேஸ்வரம் தூர்தர்ஷன் கோபுரம். 1995இல் முடிந்தது. உயரம் 323 மீட்டர், அதாவது 1,060 அடி. கம்பி இழுத்துக் கட்டாமல் தன் காலில் நிற்கும் கோபுரங்களில் நாட்டிலேயே உயரம் இதுதான் என்கிறார்கள். (விஜயநாராயணத்தில் கடற்படையின் கம்பங்கள் இதைவிட உயரம், ஆனால் அவை கம்பி கட்டி நிற்பவை.) ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. ஒன்றின் மேல் ஒன்றாக நாலரை ராஜகோபுரம் அடுக்கினால் எங்கள் டவர்.

ஒரு சின்னத் தீவுக்கு இத்தனை உயரம் எதற்கு? 323 மீட்டரிலிருந்து அலை சுமார் 74 கிலோமீட்டர் போகும். பார்ப்பவர் வீட்டு மாடியில் பத்து மீட்டர் குழாய் இருந்தால் இன்னொரு 13. மொத்தம் 87. வரைபடத்தில் ராமேஸ்வரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: 90க்குக் கொஞ்சம் குறைவு. தையற்காரர் அளவெடுத்த மாதிரி இருக்கிறது.

நாட்டின் இன்னொரு உயரமான டிவி கோபுரமான பசில்கா, 1,000 அடி, பஞ்சாபில் பாகிஸ்தான் எல்லையோரம் நிற்கிறது. அமிர்தசரஸ்காரர்கள் லாகூர் நாடகங்களில் மூழ்கிக் கிடந்த காலத்தில், 1973லேயே, சென்னைக்கு முன்பே அமிர்தசரஸில் ஒரு தொலைக்காட்சி நிலையம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரேடியோவை அமுக்க நம் வீட்டு ரேடியோவைச் சத்தமாக வைக்கும் பழைய புத்திதான், கோபுரமாகச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் நேரம்! 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்துவிட்டது. கோபுரம் முடிந்தபோது எங்கள் தெருவில் கேபிள்காரர் முருங்கைமரத்துக்கு முருங்கைமரம் ஒயர் கட்டிக்கொண்டிருந்தார். ரூபவாஹினியைத் தோற்கடித்தது 323 மீட்டர் கோபுரமல்ல, முருங்கைமரம். போர் முடிந்ததும் இலங்கைக்காரர்களும் சும்மா இல்லை. 2011இல் கொக்காவிலில் 174 மீட்டரில் மறுபடி கட்டினார்கள். கொழும்பில் தாமரைக் கோபுரம் 350 மீட்டரைத் தாண்டிவிட்டது.

அதன்பிறகு படம் எங்களைத் தேடி வருவதுபோய், கேமரா எங்களைத் தேடி வர ஆரம்பித்தது. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1987 ஜனவரியில் தொடங்கிய 'ராமாயண்' தொடரில் ராமர் கடல் முன் நின்று வருணனை வேண்டும் காட்சியை ஊரே ஞாயிறு காலையில் உட்கார்ந்து பார்த்தது. தொடர் பெரும்பாலும் படமானது குஜராத்தின் உம்பர்காவில். எங்கள் கடலுக்கே டூப் போட்டிருந்தார்கள். வாசலைத் திறந்தால் அசல் இருக்கிறது, நாங்கள் நகலைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

2017 டிசம்பரில் அமெரிக்க சயின்ஸ் சேனல் தன் நிகழ்ச்சிக்கு விட்ட முன்னோட்டத்தில், ராமர் பாலத்தின் மணல் திட்டுக்கு வயது 4,000, மேலிருக்கும் கல்லுக்கு 7,000, ஆகவே கல் வேறெங்கிருந்தோ கொண்டுவரப்பட்டது என்றார்கள். தில்லி வரை பரபரப்பு. எனக்குத் தோன்றியது வேறு. எங்கள் வீட்டு வாசற்படிக் கருங்கல் வீட்டைவிடப் பல கோடி வருடம் மூத்தது. அதைப் படம் எடுக்க யாரும் வரவில்லை.

தனுஷ்கோடி ஆவணப்படம் எதை எடுத்தாலும் ஒரு கனத்த குரல் "இங்கே இப்போது யாரும் இல்லை" என்று சொல்லும். சரியாக அந்த இடத்தில், இடிந்த தேவாலயத்துக்குப் பின்னால், ஒரு அக்கா சங்கு மாலையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார். ஊரை அழித்த 1964 புயலுக்குத் தப்பியவரின் பேத்தியாகக்கூட இருக்கலாம். கலாம் படம் என்றால் பேப்பர் போடும் பையன் கட்டாயம். ட்ரோன் வந்தபின் எல்லாப் படத்திலும் எங்கள் டவரை ஒரு சுற்று சுற்றுகிறார்கள். அது என்ன, ஏன் என்று ஒரு வரி? கிடையாது. கீழே வீணை இசை மட்டும்.

போன மாதம் பாம்பன் கரையில் வல்லத்திலிருந்து வலை இறக்கிக்கொண்டிருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபது வயதிருக்கும். ராத்திரி திரும்பும்போது எதைப் பார்த்து வருவீர்கள் என்றேன். "டவர் சிவப்பு லைட்டுதான் அண்ணே. அது கண்ணுல பட்டா கரை வந்தாச்சு" என்றான். அது தூர்தர்ஷன் கோபுரம், இலங்கை வரைக்கும் படம் காட்டும் அளவு உயரம் என்று ஆரம்பித்து, மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். வலையிலிருந்து ஒரு நண்டைப் பிய்த்துக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அதுல டிவி வேற வருமா அண்ணே?"