வீடிழந்த பாடங்கள்: யப்பானியப் பல்கலைக்கழகங்களில் பொதுக்கல்வியும் அதன் ஆசிரியர்களும்

யப்பானியப் பல்கலைக்கழகம் என்றதும் எம்மவர் பலருக்கும் நினைவுக்கு வருபவர் சுசுமு ஓனோ. தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவு தேடிய அவரோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் இணைந்து உழைத்ததை அறிவோம். அந்த ஆய்வின் சரிபிழை வேறொரு விவாதம். இங்கு நாம் பேச விரும்புவது அதே நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 1990களில் நடந்த, எம்மவர் அதிகம் கவனிக்காத ஒரு மாற்றம் பற்றி. பாடத்திட்டத்தைத் திருத்தினார்கள். அதோடு ஆசிரியர்களின் ஒரு பிரிவே இல்லாமற் போயிற்று.

யுத்தத்துக்கு முன்னர் யப்பானில் சர்வகலாசாலைக்குள் நுழைய முதலில் 'உயர் பாடசாலை' ஒன்றில் மூன்றாண்டுகள் படிக்கவேண்டும். பெயரைப் பார்த்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்போல எண்ணிவிடக்கூடாது. விடுதி வாழ்க்கை, யேர்மன், ஆங்கிலம், தத்துவம், இலக்கியம் என்று இளைஞர்களைப் பதப்படுத்திய இடங்கள் அவை. நாவலாசிரியர் நத்சுமே சோசெக்கி குமமோத்தோவின் ஐந்தாவது உயர் பாடசாலையிலும் பின்னர் ரோக்கியோவின் முதலாவது உயர் பாடசாலையிலும் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கு ஆசிரியராயிருப்பது ஒரு கௌரவம்.

தோல்விக்குப் பின் 1946இல் வந்த அமெரிக்கக் கல்வித் தூதுக்குழு, யப்பானிய உயர்கல்வி மிக இளமையிலேயே மாணவரைக் குறுகிய துறைக்குள் தள்ளுகிறது, பொதுக்கல்விக்கு இடமில்லை என்று குறை கூறியது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஹாவார்ட் பல்கலைக்கழகம் பொதுக்கல்வி பற்றிய தனது பிரசித்திபெற்ற அறிக்கையை வெளியிட்டிருந்தது. அந்தக் காற்று யப்பானிலும் வீசியது. 1949இல் 69 தேசியப் பல்கலைக்கழகங்கள் புதிய முறையில் தொடங்கின. பழைய உயர் பாடசாலைகள் அவற்றுக்குள் கரைக்கப்பட்டன. 1956இன் அரச விதி இதை எண்களில் எழுதிவைத்தது: பட்டத்துக்கு 124 அலகுகள், அவற்றில் மானிடவியல், சமூகவியல், இயற்கை விஞ்ஞானம் ஒவ்வொன்றிலும் 12 வீதம் 36, பிறமொழி 8, உடற்கல்வி 4.

இவற்றைக் கற்பித்தவர்கள் யார்? பெரும்பாலும் உயர் பாடசாலைகளிலிருந்து வந்த ஆசிரியர்களே. அவர்களுக்கெனக் 'கியோயோபு' என்ற பொதுக்கல்விப் பகுதி அமைந்தது. முதலிரண்டு ஆண்டு மாணவர்கள் இவர்களிடம். பின்னிரண்டு ஆண்டுகள் சிறப்புப் பீடங்களிடம். கேட்க ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் பெரிய பல்கலைக்கழகங்களின் சிறப்புப் பீடங்களில் 'கோசா' எனும் பேராசிரியர் கதிரை முறை இருந்தது. கதிரைக்கென ஆராய்ச்சிப் பணம், உதவியாளர், பட்டமேற்படிப்பு மாணவர் எல்லாம் உண்டு. பொதுக்கல்விப் பகுதியில் கதிரை இல்லை. பாடம் இருந்தது, வகுப்பு இருந்தது, நூற்றுக்கணக்கில் மாணவர் இருந்தனர். பணம் குறைவு. வளர்த்தெடுக்க ஒரு சீடன் இல்லை. ஒரே பல்கலைக்கழகம், ஒரே 'பேராசிரியர்' பட்டம், ஆனால் இரண்டு சாதி. மாணவரும் அதைப் புரிந்துகொண்டனர். பொதுக்கல்விப் பாடங்களைப் 'பங்க்யோ' என்று இளக்காரமாகச் சுருக்கி அழைத்தனர்.

பேராதனையில் ஜி.ஏ.கியூ. படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும். அங்கும் முதலாண்டில் பல பாடங்கள். ஆனால் முதலாண்டுக்குக் கற்பித்த அதே துறையினர்தான் சிறப்புப் பட்ட வகுப்புக்கும் கற்பித்தனர். யப்பானில் நடுவே மதில் எழுந்திருந்தது.

மதிலைத் தாண்ட வழி கண்ட இடம் ஒன்று உண்டு: ரோக்கியோப் பல்கலைக்கழகத்தின் கொமாபா வளாகம். முதலாவது உயர் பாடசாலை இருந்த இடம் அது. அதன் முதற் பீடாதிபதி யனைஹாரா தடாஒ. குடியேற்றக் கொள்கை பற்றி ஆராய்ந்தவர். யுத்தத்தை எதிர்த்து எழுதியதால் 1937இல் இதே பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற நிர்ப்பந்திக்கப்பட்டவர். 1945இல் திரும்பி அழைக்கப்பட்டவர். 1951இலேயே கொமாபாவுக்கெனத் தனிப் பட்டத்துறை ஒன்று அமைந்தது. அங்கிருந்த ஆசிரியர்களுக்குச் சொந்த மாணவர் கிடைத்தனர். இதன் பெறுமதி நாற்பது ஆண்டுகளின் பின்னர்தான் தெரியவந்தது.

1991 யூலையில் அரசு விதியைத் தளர்த்தியது. பொதுக்கல்வி, சிறப்புக்கல்வி என்ற பிரிப்பு நீங்கியது. 124 அலகுகளை எப்படிப் பங்கிடுவது என்பது பல்கலைக்கழகத்தின் விருப்பம். பொதுக்கல்வியை ஒழிக்கும்படி விதியில் எங்கும் எழுதப்படவில்லை. இருந்தும் சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் பொதுக்கல்விப் பகுதிகள் கலைந்தன. கியோற்றோ, நகோயா 1993இல், ஒசாக்கா, கியூசு 1994இல், ஹொக்கைடோ 1995இல். பெரிய பல்கலைக்கழகங்களுள் எஞ்சியது கொமாபா.

கலைப்பை ஆசிரியர்கள் எதிர்த்திருப்பார்கள் என்றே எவரும் எண்ணுவர். பலர் வரவேற்றனர் என்பதே உண்மை. இதுதான் இந்த வரலாற்றின் முக்கிய முடிச்சு. சிறப்புப் பீடங்களுக்குப் பிரிந்து செல்லவும், புதிய பீடங்களை அமைக்கவும், பட்டமேற்படிப்பு மாணவரைப் பெறவும் அவர்களுக்கு வழி திறந்தது. கியோற்றோவில் 1992இல் தோன்றிய ஒருங்கிணைந்த மானிட ஆய்வுப் பீடம் அப்படிப் பிறந்ததே. நாற்பது ஆண்டுகள் இரண்டாந்தரமாக நடத்தப்பட்டவர் அந்த வாசலால் வெளியேறியதை எப்படிக் குறை சொல்வது? குறை மதிலைக் கட்டியவர்களுடையது என்பதே எமது அபிப்பிராயம்.

ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற பாடங்களுக்கு வீடில்லாமற் போயிற்று. 'முழுப் பல்கலைக்கழகமும் பொறுப்பு' என்றார்கள். எல்லோருடைய பொறுப்பும் யாருடையதும் அல்ல என்பது பொதுக்கிணற்றைத் தூர்வார ஆள் தேடியவர்களுக்குத் தெரியும். பௌதிகவியல் ஆராய்ச்சியாளர், தமது முறை வரும்போது, பொது வகுப்புக்குச் சென்று திரும்பினார். அவரது பதவி உயர்வு அதில் தங்கியிருக்கவில்லை. இரண்டாம் பிறமொழி பல இடங்களிற் குறைக்கப்பட்டது அல்லது விருப்பப்பாடமாயிற்று. யேர்மன், பிரெஞ்சு கற்றுப் பட்டமேற்படிப்பு முடித்த இளையவர்களுக்கு நிரந்தர இடங்கள் அருகின. மொழி வகுப்புகளிற் பெரும்பங்கு பகுதிநேர விரிவுரையாளர் தலையில் விழுந்தது. 'கொமா' எனப்படும் தொண்ணூறு நிமிட வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி. காலையில் ஒரு பல்கலைக்கழகம், மாலையில் இன்னொன்று என்று ரயிலில் ஓடவேண்டும். சொந்த அறை இல்லை, கூட்டத்தில் இடமில்லை. அடுத்த பாடத்திட்டத் திருத்தம் இவர்களைக் கேட்டு நடக்கப்போவதுமில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் மணித்தியாலக் கணக்கில் மொழி கற்பிக்கும் எம்மவர் சிலருக்கு இந்த நிலை புதிதல்ல.

2002இல் மத்திய கல்விச் சபை, பொதுக்கல்வியை மீளக் கட்டியெழுப்பவேண்டும் என அறிக்கை வெளியிட்டது. 2011இல் கியூசுவும் 2013இல் கியோற்றோவும் பொதுப்பாடங்களுக்கென மறுபடியும் தனி அமைப்புகளை உருவாக்கின. கியோற்றோவிற் பழைய பகுதி கலைந்து அப்போது இருபது ஆண்டுகள். அதில் மூத்தவர்களாயிருந்தோர் ஓய்வு பெற்றுவிட்டனர். புதிய அமைப்பில் யார் முழுநேரம் கற்பிப்பது, எந்தப் பீடம் தனது பதவிகளை விட்டுக்கொடுப்பது என்ற பழைய வழக்கு மீண்டும் தொடங்கியது.