எஃப்7 என்னும் கட்டம்: இளையோர் ஆட்டங்களில் இரு குதிரைத் தொடக்கம்

1. களம்

2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடை ஒட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளி, வட்டாரம், மாவட்டம் எனப் படிப்படியாகச் சதுரங்கப் போட்டிகள் நடந்தன. திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர் போன்ற வட்டாரத்திலிருந்து ஆட வரும் பிள்ளை முதலில் அடிபடுவது பெரும்பாலும், இரு குதிரைத் தொடக்கத்தில் எஃப்7 கட்டத்தில் குதிரையைப் பலியிடும் 'ஃப்ரைட் லிவர்' தாக்குதலில்தான். பலியின் வலிமை அங்கே பாதிக் காரணமே. ஒரு சிப்பாயை விட்டுக்கொடுக்க மனம் வராததே மீதி என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. தாக்குதலின் அமைப்பு

இருபுறமும் ராஜாவின் சிப்பாய் இரு கட்டம் முன்னேறுகிறது. வெள்ளை ஒரு குதிரையையும் சி4இல் பிஷப்பையும் இறக்க, கறுப்பு இரு குதிரைகளையும் வெளியே கொண்டுவருகிறது. நான்காம் நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5க்குத் தாவுகிறது. குதிரை, பிஷப் இரண்டின் குறியும் எஃப்7. அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை.

கறுப்பு டி5 ஆடி பிஷப்பின் வழியை அடைக்கிறது. வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டுகிறது. இழந்ததை உடனே மீட்கும் ஆசையில் குதிரையால் திருப்பி வெட்டுவதில்தான் வினை. வெள்ளைக் குதிரை எஃப்7இல் விழுந்து, ராஜா வெட்டப் பலியாகிறது. ராணி எஃப்3இலிருந்து செக் கொடுத்தபடியே டி5 குதிரையையும் குறிவைக்கிறது. அக்குதிரையைக் காக்க ராஜா ஈ6க்கு, அதாவது நடுக்களத்துக்கு, நடக்க வேண்டும். அடுத்து சி3க்கு வரும் இன்னொரு குதிரை நெருக்கடியைக் கூட்டும். இதன் பிறகும் கறுப்பு போராடலாம்; ஆனால் பத்து வயதுப் பிள்ளையால், கடிகாரம் ஓட ஓட, அந்த ராஜாவைக் காப்பது அரிது. (வெள்ளை பலிக்கு முன் டி4 ஆடுவதே மேல் என்பாரும் உண்டு.)

3. மாற்று

ஐந்தாம் நகர்வில் கறுப்பு குதிரையை ஏ5க்கு அனுப்பி பிஷப்பைத் துரத்தலாம். பிஷப் பி5இலிருந்து செக் கொடுக்கும். சி6 ஆடி அடைத்தால், சிப்பாய்கள் வெட்டிக்கொண்டபின் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் பிஷப் மறுபடி ஓட வேண்டும்; எச்6 வந்ததும் குதிரையும் ஓட வேண்டும். அதற்குள் கறுப்பின் காய்கள் களமிறங்கிவிடும்.

ஜி5 தாவலையே கற்றுக்குட்டியின் நகர்வு என்று ஜெர்மானிய ஆட்டக்காரர் டாராஷ் இகழ்ந்தார். அது மிகை. துரத்தப்பட்ட குதிரையை எச்3க்கு ஒதுக்கிய உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸ், தந்தி வழி ஆட்டத்தில் ரஷ்ய ஆட்டக்காரர் சிகோரினிடம் தோற்றார் என்பது உண்மைதான். ஆனால் 1963இல் பாபி பிஷர் அதே எச்3 நகர்வைத் தூசிதட்டி, சக அமெரிக்க ஆட்டக்காரர் பிஸ்கையரை வென்றார்.

4. பயிற்சிக்கு

நகர்வு வரிசையை ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை. கறுப்பு ஒரு சிப்பாய் குறைவாக நிற்கும் அந்த நிலையைப் பலகையில் வைத்து, பிள்ளைகளை இருபுறமும் மாறி மாறி ஆடவிட வேண்டும். இழந்த சிப்பாய்க்கு ஈடாக எத்தனை நகர்வுகள் கிடைத்தன என்பதை அவர்களே எண்ணிக்கொள்வார்கள்.