1962: முதல் வாரமும் மூணாவது மாசமும்

1/ ஏர்போர்ட்ல இருந்து மெட்ரோவில் வந்தா 'ஓ.டி.ஏ. நங்கநல்லூர் ரோடு'ன்னு ஒரு ஸ்டேஷன் வரும். ஓ.டி.ஏ. என்பது பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. தாம்பரம், பல்லாவரம் பக்கம் இருக்கிற நாம தினமும் அதைத் தாண்டித்தான் போறோம். அது இங்கே வந்ததுக்குக் காரணம் 1962-ல் நடந்த ஒரு திடீர்த் தாக்குதல். அப்போ நம் மக்கள் என்ன செய்தார்கள்? அதைப் பத்தித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

2/ 1962 அக்டோபர் 12. இலங்கைக்குக் கிளம்பிய பிரதமர் நேரு, எல்லைக்குள் வந்தவர்களை வெளியேற்ற ராணுவத்துக்கு உத்தரவு போட்டாச்சு என்று நிருபர்களிடம் சொன்னார். எட்டே நாள். அக்டோபர் 20 விடியற்காலையில் சீனப் படை லடாக்கிலும் இன்றைய அருணாச்சலப் பிரதேசத்திலும் ஒரே நேரத்தில் தாக்கியது. ரெண்டு நாள் கழிச்சு, ஒரு முழு பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய ஜான் தால்வியே பிடிபட்டார். மக்கள் காத்திருந்தது வெற்றிச் செய்திக்கு. ரேடியோவில் வந்ததோ பின்வாங்கிய செய்தி.

3/ தீபாவளி நெருங்கிய நேரம். 26-ம் தேதி நெருக்கடி நிலை அறிவிச்சாங்க. மக்கள் முதலில் செய்தது கொடுத்ததுதான். பெண்கள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்கள். ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். கோபமும் இருந்தது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் போயே ஆகணும்னு காங்கிரஸ் எம்.பி.க்களே கேட்டார்கள். நவம்பர் 7-ல் அவர் அமைச்சரவையை விட்டே வெளியேறினார்.

4/ நம்ம மாநிலத்தில் நடந்தது இன்னும் பெரிய விஷயம். அதே வருஷம் மே மாதம் மாநிலங்களவையில் தன் முதல் உரையிலேயே திராவிட நாடு கேட்டவர் அண்ணா. தாக்குதல் நடந்தப்போ விலைவாசிப் போராட்டத்துக்காக வேலூர் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் போர் முயற்சிக்கு முழு ஆதரவு தந்தார், பிரிவினைப் பேச்சை நிறுத்தினார். பிரிவினையைத் தடுக்கும் 16-வது சட்டத் திருத்தம் வந்ததே 1963-ல்தான். சட்டத்துக்குப் பயந்து கைவிட்டாங்கன்னு சொல்றவங்க இந்த வரிசையை மறந்துடறாங்க.

5/ ஒரு டாக்டரா எனக்கு உறுத்துற பகுதி இது. சமவெளியில் இருந்த வீரர்களை, பழகிக்கொள்ள நாள் கொடுக்காமல், போதிய கம்பளி உடை கூட இல்லாமல் பல ஆயிரம் அடி உயரத்துக்கு ஏற்றினார்கள். அந்த உயரத்தில் திடீர்னு போய் நின்றால் நுரையீரலில் நீர் கோர்க்கும், மூளை வீங்கும். அந்த வருஷங்களில் மலைநோயால் பாதிக்கப்பட்ட 1,925 வீரர்களை வைத்து நம் ராணுவ டாக்டர்கள் எழுதிய ஆய்வு 1969-ல் வெளிவந்தது. அந்தத் துறையில் இன்னிக்கும் அது ஒரு மைல்கல். அரசுக் கணக்குப்படி போரில் இறந்தவர்கள் 1,383 பேர். காணாமல் போனவர்கள் சுமார் 1,700 பேர்.

6/ நவம்பரில் சீனப் படை பொம்டிலாவைத் தாண்டியதும் அசாமின் தேஜ்பூர் நகரமே காலியானது. அதிகாரிகளும் கிளம்பிட்டாங்க. வங்கியில் நோட்டுகளை எரிச்சாங்க. மனநல மருத்துவமனை நோயாளிகளை வெளியே விட்டுட்டாங்க. அப்போ நம்ம மாநில ஆளுநர் பிஷ்ணுராம் மேதி, முன்னாள் அசாம் முதல்வர். சொந்த மாநிலம் இப்படித் தவிக்கிறதை சென்னையில் இருந்துதான் கேட்டிருப்பார். நவம்பர் 21-ல் சீனாவே போர்நிறுத்தம் அறிவிச்சது.

7/ கதை அதோட முடிஞ்சிருக்கணும். முடியலை. போர் முடியும்போதுதான் இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினரை அள்ள ஆரம்பிச்சாங்க. பெரும்பாலும் அசாம், வங்காளம் பக்கத்துக் குடும்பங்கள். குழந்தைகள், வயசானவங்க உட்பட சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குப் போனார்கள். பலர் இங்கேயே பிறந்தவர்கள். சிலர் வெளியே வர வருஷக்கணக்காச்சு. சென்னையில் தலைமுறையா பல் வைத்தியம் பார்க்கும் சீனக் குடும்பங்களை நமக்குத் தெரியும். அந்த மாதிரி ஆட்கள்தான் இவங்களும்.

8/ அடுத்த அடி பொற்கொல்லர்கள் மேல். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது. போர்க்காலச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு அது. நவம்பரில் நகை கொடுத்த அதே ஊர்களில், ஜனவரியில் பட்டறைகள் மூடின. பிழைப்பு போய் உயிரை விட்டவர்களும் உண்டு. ஒரு மாசப் போருக்காக வந்த நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீடிச்சது.

9/ நல்லதும் நடந்தது, மறுக்கலை. அதிகாரிகள் பற்றாக்குறையைச் சரிசெய்ய 1963-ல் பூனாவிலும் பரங்கிமலையிலும் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கினாங்க. பூனா பள்ளி அடுத்த வருஷமே மூடியாச்சு. நம்ம பள்ளிதான் இன்றைய ஓ.டி.ஏ. 1992-ல் இருந்து பெண்களும் அங்கே பயிற்சி எடுக்கிறாங்க.

10/ ஆபத்து வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அந்த நிமிஷத்தில் அதுதான் உயிரைக் காப்பாத்தும். மாசக்கணக்கா அதே வேகத்தில் ஓடினா இதயம் கெட்டுப்போகும். 1962-ன் முதல் வாரத்தில் வளையல் கொடுத்தவங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா மூணாவது மாசம் தேவ்லியில் யார் இருந்தாங்க, எந்தப் பட்டறை மூடுச்சுன்னு அன்னைக்குப் பெரும்பாலானவங்க கேட்கலை. இனிமேல் எல்லையில் ஏதாவது நடந்தா ரத்தமும் கொடுப்போம், பணமும் கொடுப்போம். கூடவே மூணு மாசம் கழிச்சு அந்தக் கேள்வியையும் கேட்போம்.