கல் தச்சர் கற்ற பாடம்

குதுப் மினாரின் அடிவாசல் கதவு பூட்டியே கிடக்கிறது. மாணவர்களை அங்கே அழைத்துப்போகும்போதெல்லாம், "மிஸ், மேலே ஏற விடமாட்டாங்களா?" என்ற கேள்விதான் முதலில் வரும். விடமாட்டார்கள். 1981 டிசம்பர் 4 அன்று, படிக்கட்டு முழுக்கக் கூட்டம் இருந்த நேரத்தில் மின்சாரம் நின்றுபோனது. குறுகலான சுழல் படியில், இருட்டில், ஒருவர்மேல் ஒருவராக விழுந்து 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அதன்பிறகு அந்த 379 படிகளும் பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டன. இதை என் மாணவர்களிடம் நான் மறைப்பதில்லை. இறந்தவர்களில் அவர்கள் வயதுக்காரர்கள் பலர் உண்டு.

தில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். குத்புத்தீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் முடித்தார், ஃபிரோஸ் ஷா துக்ளக் பழுது பார்த்தார் என்கிறது பாடப்புத்தகம். தேர்வுக்கு அது போதும். ஆனால் 72.5 மீட்டர் கோபுரத்தின் அடியில் அண்ணாந்து நிற்கும் பிள்ளைக்குப் போதாது. சுல்தான்கள் யாரும் உளி பிடிக்கவில்லை. உளி பிடித்தவர்கள் யார், புதிதாக எதைக் கற்றார்கள் என்று கல்லே காட்டித் தரும் இடம் இது. அதைப் பார்க்கத்தான் அழைத்துப்போகிறேன்.

மினாரை அடுத்துள்ள பள்ளிவாசலில் இருந்து தொடங்குவோம். அதன் தூண்களில் மணிச்சங்கிலியும் பூரண கும்பமும் தெரியும். 27 கோயில்களின் பொருட்களைக் கொண்டு கட்டியதாகக் கிழக்கு வாயில் பாரசீகக் கல்வெட்டே சொல்கிறது. "இடிச்சுட்டுக் கட்டினாங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றே சொல்வேன். வரலாற்று ஆசிரியர் இந்த இடத்தில் மென்று விழுங்கக் கூடாது.

அடுத்து, தொழுகை மண்டபத்தின் முன் ஐபக் எழுப்பிய கல்திரையைப் பார்க்கச் சொல்வேன். நடுவளைவின் உயரம் ஏறக்குறைய 16 மீட்டர். தூரத்தில் அது வளைவுதான். கிட்டே போய்க் கற்களின் இணைப்பைப் பார்த்தால் சங்கதி வேறு. கற்கள் படுக்கையாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிடச் சற்று முன்னே நீண்டு, உச்சியில் ஒன்றையொன்று தொடுகின்றன. நம் கோயில் தச்சர்களும் காலங்காலமாக அறிந்த முறை இது. வளைவு வேண்டும் என்றார் புதிய எசமானர். உள்ளூர்த் தச்சர் தமக்குத் தெரிந்த வழியில் வளைவின் உருவத்தைக் கொடுத்துவிட்டார். ஆப்பு வடிவில் கல்லை வெட்டி, ஒன்றின் பாரம் மற்றொன்றைப் பிடித்து நிறுத்தும்படி கட்டும் மெய்யான வளைவு அவர்கள் கைக்கு இன்னும் வரவில்லை.

வந்துவிட்டது என்பதற்குச் சான்று அதே வளாகத்தில், மினாருக்குத் தெற்கே நிற்கும் அலாய் தர்வாஸா. அலாவுதீன் கில்ஜி 1311-இல் கட்டிய நுழைவாயில் அது. வளைவும் மெய், குவிமாடமும் மெய். அந்த ஆண்டைச் சொன்னதும் தமிழ்ப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அலாவுதீனின் தளபதி மாலிக் காபூர் மதுரைமீது படையெடுத்து வந்தது அதே 1311-இல்தான். தில்லியில் அழகான வாயில் எழுந்த ஆண்டு, மதுரை சூறையாடப்பட்ட ஆண்டு. இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்லித்தர வேண்டும்.

மினாரையும் தளம் தளமாகப் படிக்கலாம். அடித்தளத்தில் உருண்ட மடிப்பும் கூர் மடிப்பும் மாறி மாறி வரும். இரண்டாவதில் உருண்டவை மட்டும், மூன்றாவதில் கூரானவை மட்டும். உப்பரிகைகளைத் தாங்கும் பகுதி தேனடை போலச் செதுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் தளத்துக்கு மேலே நிறம் மாறும். 1368-இல் இடி விழுந்து உச்சித் தளம் சிதைந்தது. ஃபிரோஸ் ஷா அதற்குப் பதிலாக வெள்ளைச் சலவைக்கல் கலந்து இரண்டு தளங்கள் எழுப்பினார். அந்த வேலையைச் செய்தவர்கள் விக்ரம சம்வத் 1426 என்று ஆண்டு குறித்து, விஸ்வகர்மாவின் அருளால் பணி முடிந்தது என்று நாகரி எழுத்தில் பொறித்துவைத்திருக்கிறார்கள். பாங்கு சொல்லும் கோபுரத்தில் தச்சர்களின் தெய்வத்துக்கு நன்றி! இந்த வளாகத்தில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இதுதான்.

1803 நிலநடுக்கத்துக்குப்பின் ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி உச்சியில் வைத்த மண்டபம் பொருந்தவில்லை என்று 1848-இல் இறக்கப்பட்டது. இன்று புல்வெளியில் நிற்கிறது.

பள்ளிச் சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மினாரோடு திரும்பிவிடாதீர்கள். நடந்துபோகும் தூரத்தில், மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவுக்குள், 1287-இல் இறந்த சுல்தான் பல்பனின் கல்லறை இருக்கிறது. கூரை போய்விட்டது. ஆனால் நம் நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மெய் வளைவுகளில் ஒன்று அங்கே நிற்கிறது. ஐபக்கின் திரைக்கும் அலாய் தர்வாஸாவுக்கும் இடையில் தச்சர்கள் கற்ற பாடம் அது. பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள்.