பதிவேட்டில் இடம்பெறாத கட்டிகள்

நோய் பற்றிய புள்ளிவிபரம் எதுவும் மேசைக்கு வந்தால், "எண்ணியவர் யார்? எதை எண்ணினார்?" என்று கேட்பது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். ஐக்கிய அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேடுகளின் வரலாற்றைப் படித்தபோது, மூளைக்கட்டிகள் விடயத்தில் இக்கேள்வி எத்துணை அவசியமானது என்பதை உணர்ந்தேன்.

அந்நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில் 1935ஆம் ஆண்டு முதலான நோயாளர் விபரங்கள் பதிவாகியுள்ளன. 1971இல் ஜனாதிபதி நிக்சன் தேசிய புற்றுநோய்ச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன் தொடர்ச்சியாக, 'சீர்' எனும் திட்டம் 1973 முதல் பல பிரதேசங்களின் பதிவுகளை ஒரே ஒழுங்கில் திரட்டலாயிற்று. மூளைக்கட்டி அரிதான நோய். தனியொரு வைத்தியசாலை காணும் நோயாளர் சிலரே; பதிவேட்டிலோ ஆயிரக்கணக்கானோரின் வயது, கட்டியின் வகை, சிகிச்சை, உயிர்வாழ்ந்த காலம் யாவும் ஒருங்கே கிடைத்தன.

ஆனால், பதிவேட்டின் எண்களை அப்படியே நம்பிவிடவும் முடியாது. 1980களின் நடுப்பகுதியில் சிறுவர்களிடையே மூளைப் புற்றுநோய் திடீரெனக் கூடியதாகப் பதிவுகள் காட்டின. சூழல் மாசுதான் காரணமோ என்ற அச்சம் எழுவது இயல்பே. 1998இல் வெளியான ஆய்வொன்று அதே பதிவுகளை நுணுகி நோக்கியது. எண்ணிக்கை ஒரு படி உயர்ந்து அவ்விடத்திலேயே நின்றுவிட்டது; இறப்புகள் அதற்கேற்பக் கூடவில்லை. எம்.ஆர்.ஐ. கருவி பரவலான காலமும் அதுவே. முன்னர் கண்ணுக்குத் தப்பிய கட்டிகள் இப்போது தென்பட்டன என்பதே பொருத்தமான விளக்கமாயிற்று.

இதனிலும் பெரிய குறை ஒன்றிருந்தது. புற்றுநோய்ப் பதிவேடு என்பதால் புற்றுத்தன்மையுடைய கட்டிகளை எண்ணினாலே போதுமெனப் பெரும்பாலான பதிவேடுகள் கருதின. உடலின் வேறிடங்களில் இவ்வரையறை பொருந்தலாம். மண்டையோட்டுக்குள்ளோ விரிய இடமில்லை. 'தீங்கற்றது' என வகுக்கப்பட்ட மெனிஞ்சியோமாவும் மூளையை அழுத்திப் பார்வையைப் பறிக்கும், வலிப்பைத் தரும், உயிரையும் குடிக்கும். அத்தகைய நோயாளர் பலர் அரசாங்கக் கணக்கில் இடம்பெறவேயில்லை. கணக்கில் இல்லாத நோய்க்கு ஆய்வு நிதி கேட்பது எங்ஙனம்?

இரு வகைகளையும் சுயமாகப் பதிந்துவந்த சில மாநிலங்களின் தரவுகளைத் தொகுக்க, 1992இல் மத்திய மூளைக்கட்டிப் பதிவேடு என்ற அமைப்பு உருவாயிற்று. பத்தாண்டுகளின் பின், 2002 ஒக்டோபர் 29ஆம் திகதி, தீங்கற்ற மூளைக்கட்டிகளையும் பதியவேண்டுமெனக் கோரும் சட்டம் கையொப்பமானது. 2004 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து கண்டறியப்பட்ட கட்டிகள் அவ்வாறே பதிவாகின்றன. விளைவு வியப்புக்குரியது: மூளையிலும் நரம்புமண்டலத்தின் மையப் பகுதியிலும் தோன்றும் கட்டிகளில் பத்துக்கு ஏழு, புற்றுத்தன்மையற்றவை எனத் தெரியவந்தது.

எனவே வாசகர்களே, மூளைக்கட்டிகள் பெருகிவிட்டன எனக் காட்டும் அமெரிக்க வரைபடம் எதையேனும் கண்டால், முதலில் 2004ஆம் ஆண்டு எங்கிருக்கிறதென்று பாருங்கள். அதன் இரு பக்கங்களிலும் எண்ணப்பட்டவை ஒன்றல்ல.